கிங்காங் கட்சி

தாரா சிங் என்ற பெயரைக் கேள்விப்படாத தமிழர் ஒருவர் இருப்பாரானால், அவரைப் பொருட்காட்சிச் சாலையில்தான் வைக்கவேண்டும். அரிசி மூட்டையை ஒற்றை ஆளாகத் தூக்கப் போய், இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறவனைப் பார்த்து, "பெரிய தாரா சிங் என்று நினைப்பு!" என்று சொல்லாத வீடு உண்டா? 1987-ம் ஆண்டில் தொலைக்காட்சியில் இராமாயணம் ஆரம்பமானபோது அவரே ஆஞ்சநேயராகத் தோன்றினார். கதாயுதம் அவருடைய தோளில் ஏறியதும் எங்கள் தெருப் பாட்டிமார் பெட்டியின் முன்பு கற்பூரம் ஏற்றினார்கள். பிறகு ராஜ்ய சபையில் நியமன அங்கத்தினராகவும் இருந்தார். 2012-ம் ஆண்டில் அவர் காலமானபோது தேசம் முழுவதுமே துக்கம் கொண்டாடிற்று. இதில் ஒன்றிலும் எனக்கு ஆக்ஷேபம் கிடையாது.

ஆனால் ஒரு விஷயத்தை நேயர்கள் கவனித்திருப்பார்கள். தாரா சிங் என்று சொன்னவுடனே நாக்கு தானாகவே இன்னொரு பெயரையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறது. இராமன் என்றால் இராவணன், பீமன் என்றால் துரியோதனன் என்பது போல, தாரா சிங் என்றால் கிங்காங். அப்படியிருந்தும் அந்த இரண்டாவது மனிதர் யார், எந்த ஊர், எப்படி வாழ்ந்தார், என்ன ஆனார் என்று கேட்டால், பதில் சொல்லக்கூடியவர்கள் நூற்றுக்கு ஒருவர் தேறமாட்டார்கள். "தோற்றுப் போகிறவன்" என்பதற்கு மேல் அவருக்கு ஒரு ஜாதகம் இருக்கலாம் என்றே யாருக்கும் தோன்றுவதில்லை.

எங்கள் வீட்டில், நான் சிறு பையனாக இருந்த அறுபதுகளில், இரண்டு கட்சிகள் இருந்தன. காங்கிரஸும் கழகமும் அல்ல. அந்தச் சண்டை திண்ணையோடு சரி. உள்ளே நடந்தது தாரா சிங் கட்சிக்கும் கிங்காங் கட்சிக்கும் இடையிலான சண்டை. தாரா சிங் கட்சியில் பாட்டி முதல் தொட்டில் குழந்தை வரையில் பதினாலு பேர். கிங்காங் கட்சியில் ஒரே ஒருவர். அவர் என் பெரியப்பா. எனக்குப் பத்து வயது நிறைந்தபோது அந்தக் கட்சியின் பலம் இரண்டாயிற்று.

கிங்காங் என்பது கோதாவுக்காக வைத்துக்கொண்ட பெயர். 1933-ம் ஆண்டில் வெளியான அமெரிக்கச் சினிமாவில் கட்டடத்தின் மேல் ஏறிய பெருங்குரங்கின் பெயர் அது. மனிதரின் சொந்தப் பெயர் எமில் சாயா. பழைய ஆஸ்திரிய-ஹங்கேரி ராஜ்யத்தில் 1909-ம் ஆண்டில் பிறந்தவர். முப்பதுகளிலேயே இந்தியாவுக்கு வந்து, லாகூரில் ஹமீதா பயில்வானோடு மோதித் தோற்றார். தோற்றவர் மூட்டையைக் கட்டிக்கொண்டு ஊர் திரும்பவில்லை. இந்தியா, சிங்கப்பூர், மலேயா, ஆஸ்திரேலியா, ஜப்பான் என்று கிழக்குத் திசையையே தம்முடைய வீடாக்கிக்கொண்டார். அவருடைய எடை சுமார் 400 ராத்தல். தாரா சிங்கும் சாமான்யமானவர் அல்ல. ஆறடி இரண்டங்குல உயரம், 130 கிலோ எடை. அப்படிப்பட்டவரே கிங்காங்கின் பக்கத்தில் நிற்கும்போது உபவாசம் இருந்து வந்தவர் போல் தோன்றுவார். கிங்காங் ஒரு வேளைக்கு எத்தனை முட்டை சாப்பிடுவார், எத்தனை கோழி சாப்பிடுவார் என்பதைப் பற்றி அந்தக் காலத்தில் வீட்டுக்கு வீடு ஒரு கணக்கு வைத்திருந்தார்கள். எங்கள் வீடு சைவம். எனவே எங்கள் கணக்கில் அது குடம் குடமாய்ப் பாலாகவும் படி படியாய் வேர்க்கடலையாகவும் மாறிவிட்டது.

பெரியப்பா சென்னைக்குப் போய் அந்தக் குஸ்தியைக் கண்ணாரக் கண்டவர். வேப்பம்பட்டு அப்போது பெயருக்கு ஏற்றபடி வேப்பமரமும் வயலும் ஏரியுமாக இருந்த ஊர். இப்போது மனைகளும் மாடிகளும் முளைத்து, அலுவலகத்துக்குப் போகிறவர்கள் காலை வண்டியில் ஒற்றைக் காலில் தொங்குகிற புறநகராகிவிட்டது. அன்று ஸ்டேஷனில் நிற்கிற பாஸஞ்சர் வண்டிகளே சொற்பம். அதில் ஏறிப் போய், மூர் மார்க்கெட்டுக்கு அப்பால் இருந்த மைதானத்தில் குஸ்தியைப் பார்த்துவிட்டு, இரவு திரும்ப வண்டி இல்லாமல் சென்ட்ரல் ஸ்டேஷனிலேயே துண்டை விரித்துப் படுத்திருந்து, மறுநாள் காலையில் வந்து சேர்ந்தார். வந்ததும் பல்கூட விளக்காமல் கூடத்தின் நடுவில் எங்களை வட்டமாக உட்காரவைத்து, கிங்காங்காகவே மாறிவிட்டார்.

"ஆள் உள்ளே வந்ததுமே ஜனங்கள் ஊளையிடுகிறார்கள். ஆரஞ்சுத் தோல் பறக்கிறது. இவர் என்ன செய்கிறார் தெரியுமா? நின்று, திரும்பி, எந்தப் பக்கத்தில் கூச்சல் அதிகமோ அந்தப் பக்கத்தைப் பார்த்து முஷ்டியைக் காட்டுகிறார். கூச்சல் இன்னும் இரண்டு பங்காகிறது! அடடா, தொழில் தெரிந்தவர்!"

தாரா சிங் எப்படி அடித்தார் என்று நாங்கள் கேட்டோம். பெரியப்பாவுக்கு அதில் சிரத்தையே இல்லை. கிங்காங் எப்படி விழுந்தார் என்பதைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னார். நானூறு ராத்தல் உடம்பு, அடி படுவதற்கு முன்னாலும் விழவில்லையாம், பின்னாலும் விழவில்லையாம். விழுந்த பிறகு எழுந்திருக்க எடுத்துக்கொண்ட நேரத்தில்தான், அடித்தவருடைய பலம் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தவனுக்கும் விளங்கிற்றாம்.

இப்படிப்பட்ட சூக்ஷ்மம் பெரியப்பாவுக்கு எப்படித் தெரியும் என்று கேட்பீர்கள். அவர் குஸ்திக்காரர் அல்ல. ஆனால் வருஷத்துக்கு ஒரு தடவை அவரும் அதே உத்தியோகம் பார்த்தவர். எங்கள் பக்கத்துக் கிராமத்தில் திரௌபதி அம்மன் கோயில் பாரதக் கூத்து நடக்கும். அதில் அவர் துரியோதனன்.

தொண்டை மண்டலத்துப் பதினெட்டாம் போர்ப் படுகளத்தைப் பார்த்திராதவர்களுக்காக இரண்டு வார்த்தை சொல்லவேண்டும். முதல் நாளே மைதானத்தில் மண்ணைக் குழைத்துத் துரியோதனனைப் படுத்த வாக்கில் பிரம்மாண்டமாகச் செய்து வைத்துவிடுவார்கள். விடியற்காலையில், இரவெல்லாம் கண் விழித்த முகங்களோடு, கட்டியக்காரனும் பீமனும் துரியோதனனும் அந்த மண்ணுடம்பைச் சுற்றிச் சுற்றி ஓடுவார்கள். புஜகீர்த்தியும் கிரீடமும் சேர்ந்தால் வேஷத்தின் பாரமே மனிதனை அழுத்தும். வெயில் ஏற ஏறப் பெரியப்பாவின் முகத்து அரிதாரம் வழிந்து கழுத்தில் இறங்கும். கடைசியில் பீமன் தொடையில் அடிப்பான். மண் தொடைக்குள் வைத்திருந்த குங்குமக் கலயம் உடையும். திரௌபதி கூந்தல் முடிவாள். எங்கள் பக்கத்தில் பெண்கள் அதோடு விடமாட்டார்கள். விளக்குமாற்றை எடுத்துக்கொண்டு வந்து விழுந்து கிடக்கிற துரியோதனனுக்கும் இரண்டு வைத்துவிட்டுத்தான் போவார்கள். ஒரு வருஷம் என் சொந்த அத்தையே, அதாவது அவருடைய கூடப் பிறந்த தங்கையே, நாலு அடி சாத்தினாள். மத்தியானம் அதே கையால் அவருக்கு விளக்கெண்ணெய் தடவிவிட்டாள். "வலிக்கிறதா அண்ணா?" என்று அவள் கேட்க, "வலித்தால்தானே வேஷம் பலித்தது என்று அர்த்தம்!" என்றார் பெரியப்பா.

அன்றைக்குத்தான் நான் கட்சி மாறினேன்.

இனி, கிங்காங்கின் வித்தையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதிக்கு வருகிறேன். தனிக் குஸ்தியைத் தவிர ஜோடிக் குஸ்தி என்று ஒன்று உண்டு. 'டாக் டீம்' என்பார்கள். பக்கத்துக்கு இருவர். ஒரு சமயத்தில் ஒருவருக்கு ஒருவர்தான் உள்ளே பொருதலாம். மற்றவர் மூலையில், கயிற்றுக்கு வெளியே, காத்து நிற்க வேண்டும். உள்ளே இருப்பவர் களைத்தால் கூட்டாளியின் கையைத் தொட்டுவிட்டு வெளியேறலாம். விதி இவ்வளவுதான். கேட்பதற்குத் தர்ம நியாயமாகவே இருக்கிறது. ஆனால் இந்த ஒரே விதியிலிருந்து துஷ்டர்கள் இருவர் ஒரு முழு நாடகத்தை உண்டாக்கிவிடுவார்கள்.

எப்படி என்றால், நல்லவர்கள் பக்கத்தில் ஒருவரை முதலில் மடக்குவார்கள். அவரைத் தங்கள் மூலைக்கு இழுத்து வந்து வைத்துக்கொள்வார்கள். அவர் தவழ்ந்து தவழ்ந்து தம் கூட்டாளியின் கைக்கு ஒரு சாண் தூரம் வரும்போது, காலைப் பிடித்து மறுபடியும் இழுத்துவிடுவார்கள். வெளியே நிற்கும் கூட்டாளி பொறுக்கமாட்டாமல் உள்ளே பாய்வார். மத்தியஸ்தர் அவரைத் தடுப்பதற்காகத் திரும்புவார். அவர் முதுகு திரும்பிய அந்த அரை நிமிஷத்தில் துஷ்டர்கள் இருவரும் சேர்ந்துகொண்டு அகப்பட்டவரைத் துவைத்து எடுப்பார்கள். மத்தியஸ்தர் மீண்டும் இந்தப் பக்கம் பார்க்கும்போது, ஒருவர் மூலையில் கைகட்டி நின்று ஆகாயத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார், சந்தியாவந்தனம் செய்கிறவர் மாதிரி! இருபதாயிரம் பேர் பார்த்த அக்கிரமம் மத்தியஸ்தர் ஒருவருக்கு மட்டும் தெரியாது. ஜனங்களின் தொண்டை கிழிந்துவிடும். ஏனென்றால், நேயர்களே, இது நமக்குத் தெரியாத காட்சியா? அதிகாரி முதுகைத் திருப்பியிருக்கும்போது மட்டும் நடக்கிற அநியாயத்தைத் தாலூகா ஆபீஸில் ஒரு தடவை மனுக் கொடுத்தவர்கள்கூட அறிவார்கள். கடைசியில் அகப்பட்டவர் எப்படியோ நழுவி, பாய்ந்து, கூட்டாளியின் கையைத் தொட்டுவிடுகிறார். புதிய மனிதர் உள்ளே வருகிறார். அதற்குப் பிறகு நடப்பதெல்லாம் தீபாவளி.

அந்தத் தீபாவளியைக் கொளுத்துகிறவர் நல்லவர்தான். ஆனால் அதற்கு மருந்து இடித்துத் திரி திரித்தவர்கள் யார்? துஷ்டர்கள் சோம்பேறிகளாக இருந்தால், கையைத் தொடுவதற்கு எவனாவது எழுந்து நின்று கூவுவானா?

இதில் தேசாபிமானம் எப்படிக் கலந்தது என்பது சுவையான சமாசாரம். 1910-ம் ஆண்டில் நம்முடைய காமா பயில்வான் லண்டனுக்குப் போய், போலந்து தேசத்து ஸ்பிஸ்கோவை இரண்டு மணி நேரத்துக்கு மேல் தரையோடு தரையாக ஒட்டிக்கொள்ளச் செய்தார். 1928-ம் ஆண்டில் பாட்டியாலாவில் அதே ஸ்பிஸ்கோவை ஒரு நிமிஷத்துக்குள் வீழ்த்தினார். வெள்ளைக்காரன் ஆட்சியில் வெள்ளைக்காரன் ஒருவன் மண்ணைக் கவ்வுவதைப் பார்த்த சந்தோஷம் குஸ்தியோடு போகிற சந்தோஷம் அல்ல. சுதந்திரத்துக்குப் பிறகும் அந்தப் பசி தீர்ந்தபாடில்லை. பஞ்சாபிலிருந்து 1947-ம் ஆண்டில் சிங்கப்பூருக்குப் பிழைக்கப் போய், ஆலையில் வேலை பார்த்துக்கொண்டே கிரேட் வேர்ல்டு மைதானத்தில் குஸ்தி பயின்ற தாரா சிங் அந்தப் பசிக்குக் கிடைத்த விருந்து. அதைப் பரிமாற ஒரு ராட்சதத் துரை தேவைப்பட்டார். எமில் சாயா அந்த இலைக்கு வந்து உட்கார்ந்தார். அவருடைய ஹங்கேரி நம்மை ஒரு நாளும் ஆண்டதில்லை என்பதை அந்தக் கூட்டத்தில் யார் யோசித்தார்கள்?

ஜப்பானியரும் இதே காரியத்தைத்தான் செய்தார்கள். யுத்தத்தில் தோற்று மனம் ஒடிந்திருந்த அவர்கள் 1954-ம் ஆண்டு பிப்ரவரியில் ரிக்கிடோசான் என்பவரும் அவருடைய கூட்டாளி கிமுராவும் ஷார்ப் சகோதரர்கள் என்ற இரண்டு நெட்டை வெள்ளைக்காரர்களோடு ஜோடிக் குஸ்தி போட்டதைத் தெருமுனைத் தொலைக்காட்சிப் பெட்டிகளின் முன்னால் ஆயிரக்கணக்கில் கூடி நின்று பார்த்தார்கள். ரிக்கிடோசான் தேசிய வீரரானார். அந்தத் தேசிய வீரர் பிறந்தது கொரியாவில் என்பதும், அது ஜனங்களுக்குத் தெரியாதபடி மறைத்து வைக்கப்பட்டிருந்தது என்பதும் வேறு கதை.

நான் சொல்ல வந்தது அடுத்த ஆண்டில் நடந்தது. 1955 நவம்பரில் டோக்கியோவில் அகில ஆசிய ஜோடிக் குஸ்திப் பட்டத்துக்கு முதன்முதலாகப் போட்டி வைத்தார்கள். ஒரு பக்கம் ரிக்கிடோசானும் ஹரால்டு சகாடாவும். இந்தச் சகாடாதான் பிற்பாடு 'கோல்டுஃபிங்கர்' என்ற ஜேம்ஸ் பாண்டு படத்தில் தொப்பியை வீசித் தலைகளைச் சீவிய ஆள். எதிர்ப்பக்கத்தில் கிங்காங். அவருடைய கூட்டாளி யார் தெரியுமா? நம்முடைய டைகர் ஜோகிந்தர் சிங்! ஒரு வருஷத்துக்கு முன்பு ருஸ்தம்-ஏ-ஹிந்து பட்டத்துக்காகத் தாரா சிங்கோடு கடைசிச் சுற்றில் மோதித் தோற்ற அதே ஜோகிந்தர். பட்டத்தை வென்றது இந்தத் துஷ்ட ஜோடிதான். அதே மாதத்தில் தனிக் குஸ்தியில் ரிக்கிடோசான் கிங்காங்கை வென்று ஜப்பானியர் வயிற்றில் பாலை வார்த்தார். ஆனாலும் ஜோடிப் பட்டத்தின் ஏட்டில் முதல் வரியில் இருப்பவர்கள் கிங்காங்கும் ஜோகிந்தரும்தான். அந்தப் பட்டத்துக்காக இன்றும் ஜப்பானில் மோதிக்கொண்டிருக்கிறார்கள்.

டெல்லியில் கைதட்டல் வாங்கிய தலைப்பாகை டோக்கியோவில் வசவு வாங்கிற்று. இங்கே "நம்மவன்", அங்கே "அந்நியத் துஷ்டன்". மனிதர் ஒருவரே, பிடிகளும் அதே பிடிகள்தான். கப்பல் ஏறி இறங்கியதுதான் வித்தியாசம்.

ஜோகிந்தரோடு இது நிற்கவில்லை. பஞ்சாபில் பிறந்து கானடாவுக்குக் குடிபோன டைகர் ஜீத் சிங் என்பவர் 1973-ம் ஆண்டில் ஜப்பானில் இறங்கி, கத்தியும் தலைப்பாகையுமாக அந்நாட்டவரை நடுங்க வைத்தார். டோக்கியோவில் ஒரு பெரிய கடைவீதிக் கடையின் வாசலில், மனைவியோடு சாமான் வாங்க வந்த அன்டோனியோ இனோக்கி என்ற வீரர் மீது பட்டப்பகலில் பாய்ந்தார் என்பது அங்கே இன்றும் பேசப்படுகிற சம்பவம். உவேடா உமானொசுகே என்ற உள்ளூர்த் துஷ்டரைச் சேர்த்துக்கொண்டு ஜோடிக் குஸ்தியிலும் அட்டகாசம் செய்தார். ஜப்பானியத் தாய்மார்கள் குழந்தையைப் பயமுறுத்தச் சொல்லக்கூடிய பெயர். அதே பெயரைக் கானடாவில் மில்டன் என்ற ஊரில் ஓர் ஆரம்பப் பாடசாலைக்கு வைத்திருக்கிறார்கள். தர்ம காரியங்களுக்காக அவர் செய்த சேவையைப் பாராட்டி வைத்த பெயர். ஒரு கரையில் பூச்சாண்டி, மறு கரையில் பள்ளிக்கூடம்!

"இதெல்லாம் முன்னேற்பாடுதானே, ஸார்? யார் ஜெயிப்பது என்று முதலிலேயே பேசி வைத்துக்கொள்கிற பொய்ச் சண்டைதானே?" என்று கேட்கிற அறிவாளிகள் உண்டு. உண்மைதான். இவ்வகைக் குஸ்தியில் முடிவு முன்கூட்டியே தீர்மானமாகிவிடுகிறது. படுகளத்தில் மட்டும் என்ன, எந்த வருஷமாவது துரியோதனன் ஜெயித்திருக்கிறானா? முடிவு பொய்யாக இருக்கலாம். விழுகிற தரை பொய்யல்ல. பெரியப்பாவின் இடது முழங்கால் கடைசி வரையில் மடங்கவில்லை. நானூறு ராத்தல் உடம்போடு அறுபது வயது வரையில் வாரந்தோறும் பலகையின் மேல் விழுந்துகொண்டிருந்த ஒரு மனிதரின் முழங்கால்கள் எப்படி இருந்திருக்கும் என்று நான் யோசிப்பதுண்டு. இன்னொன்றும் சொல்கிறேன். எதிராளியை அடிப்பது போல் காட்டி அவனைக் காயப்படாமல் காப்பாற்றுகிற பொறுப்பும் துஷ்டனுடையதே. அவ்வளவு பெரிய சரீரம் மேலே பாயும்போது, கீழே கிடக்கிறவனுடைய விலா எலும்பு முழுசாக இருக்கிறதென்றால், பாய்ந்தவருக்குத்தான் நன்றி சொல்லவேண்டும்.

நம் சினிமாவில் எம். என். நம்பியாருக்கு நேர்ந்ததும் இதுதான். திரையில் அவர் செய்யாத பாதகம் இல்லை. நிஜத்தில் சைவ உணவுக்காரர், சபரிமலை யாத்திரைக்குக் குருசாமி. அவர் கையைப் பிசைந்துகொண்டு கண்ணை உருட்டாமலிருந்தால், எம்.ஜி.ஆரின் வாளுக்கு என்ன வேலை இருந்திருக்கும்?

தாரா சிங்குக்கு இது தெரிந்திருந்தது என்றே எனக்குத் தோன்றுகிறது. 1962-ம் ஆண்டில் அவர் கதாநாயகராக நடித்து வெளியான ஹிந்திப் படத்துக்கு என்ன பெயர் தெரியுமா? 'கிங்காங்'. வெற்றி பெற்றவருடைய படத்துக்குத் தோற்றவருடைய பெயரை வைத்தால்தான் கொட்டகை நிரம்பும் என்பது முதலாளிகளுக்குத் தெரிந்திருந்தது.

கிங்காங் மலேசியாவில் மோட்டார் விபத்தில் அடிபட்டு, 1970-ம் ஆண்டு மே மாதத்தில் சிங்கப்பூரில் காலமானார். பத்திரிகையில் சிறிய செய்தி வந்திருந்தது. பெரியப்பா அதைத் திண்ணையில் உட்கார்ந்து ஒரு தடவை படித்தார். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் படித்தார். பிறகு பேசாமல் எழுந்து, கிணற்றடிக்குப் போய், தலையில் இரண்டு வாளித் தண்ணீரை ஊற்றிக்கொண்டு ஈரத் துண்டோடு வந்தார். பங்காளி செத்தால் செய்கிற ஸ்நானம் அது. பாட்டி, "யாருக்கடா தீட்டு?" என்று திகைத்துக் கேட்டாள். "எங்கள் ஜாதிக்காரர் ஒருவர், அம்மா. அசலூர்," என்றார். தாரா சிங் கட்சிக்காரர்கள் பதினாலு பேரில் ஒருவரும் சிரிக்கவில்லை.

பெரியப்பா எழுபத்தெட்டாம் வருஷத்தோடு வேஷம் கட்டுவதை நிறுத்திக்கொண்டார். படுகளம் முடிந்ததும் ஜனங்கள் துரியோதனனின் மண்ணுடம்பிலிருந்து ஆளுக்கு ஒரு பிடி மண் எடுத்துக்கொண்டு போய் நெற்குதிரில் போடுவது எங்கள் பக்கத்து வழக்கம். விளைச்சல் பெருகும் என்று நம்பிக்கை. அடித்த விளக்குமாற்றைக் கீழே போட்டுவிட்டு அதே கையால் எடுக்கிற மண். இப்போது குதிரும் இல்லை, நெல்லும் இல்லை. அடுக்கு வீடுகளுக்குக் குடிவந்தவர்கள் அந்த மண்ணைச் சிறு பொட்டலமாகக் கட்டிப் பணப் பெட்டியில் வைத்துக்கொள்கிறார்கள்.

இந்த ஆண்டுக் கூத்தில் துரியோதனன் கட்டியவன் ஆவடிப் பக்கத்துத் தொழிற்சாலை ஒன்றில் வேலை பார்க்கும் வாலிபன். மூன்று நாள் லீவு போட்டுவிட்டு வந்து ஆடினான். பையனுக்குப் பெண் பார்த்துக்கொண்டிருந்த சமயம். பெண் வீட்டார் முன்னறிவிப்பில்லாமல் வந்து கூட்டத்தோடு கூட்டமாக நின்றிருக்கிறார்கள். அவன் கண்ணை உருட்டித் திரௌபதியைப் பார்த்துச் சிரித்த சிரிப்பில் பெண்ணின் பாட்டிக்கு ஆத்திரம் தாங்கவில்லை. யாரோ ஒருத்தியின் கையிலிருந்த விளக்குமாற்றைப் பிடுங்கிக்கொண்டு போய்ப் பளீர் பளீரென்று இரண்டு வைத்தாள்.

ஆவணியில் கலியாணம் நடந்தது. பந்தியில் மாப்பிள்ளையின் இலைக்கு முதல் ஜாங்கிரியை வைத்தவள் அந்தப் பாட்டிதான்.